கராஜ் வாங்கில் இருந்து: சூடான எஞ்சினை நம்பாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய கார் வாங்குவதைப் பற்றித்தான். ஏன் என்று கேட்கத் தேவையில்லை. 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 மாசியில். இடையில் ஐந்து வருடம் புதுசு வராததால், என் கராஜின் பின்வளவில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த உடைசல் காருக்கும் ஆட்கள் வந்து விலை கேட்டார்கள். வழி திறந்த பிறகும், வரியோடு வந்திறங்கும் கார் எங்கள் பக்கத்துச் சம்பளத்துக்கு எட்டுகிற மாதிரி இல்லை. ஆகவே எல்லோரும் தங்கள் பிள்ளைகளைவிட மூத்த கார்களைத் தேடித் திரிகிறார்கள். பரந்தனில் கராஜ் வாசல் வாங்கில் இருந்தபடி, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (முள்ளியவளையில் இருந்து ஓர் ஆசிரியை): கணவர் கட்டாரில் வேலை. அம்மாவை மாதா மாதம் கிளினிக்குக் கூட்டிப் போக ஒரு கார் வேண்டும். வவுனியாவில் ஒருவரிடம் 1992ஆம் ஆண்டு நிசான் சனி, எஃப்.பி. 13, இருக்கிறது. வெள்ளை நிறம், புதுப் பெயின்ற், புதுச் சீற் கவர். “ஒரு வேலையும் இல்லை, ஏறி ஓடுங்கோ” என்கிறார். எனக்குக் கார் ஓடத் தெரியும், காரைத் தெரியாது. தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போகலாம்தான். ஆனால் அவர் அந்தப் பக்கமும் கொமிசன் வாங்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. நானே பார்க்கக்கூடியது என்ன?

பதில்: ரீச்சர், உங்கள் பயம் நியாயமானது. என் தொழிலில் அது நடக்கிறதுதான், மறைத்து என்ன பயன். மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், ஆனால் வெளிக்கிட முன்னமே ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்து, “நான் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உங்களுக்கு இதுதான்” என்று சொல்லிவிடுங்கள். வாங்கச் சொன்னால் காசு, வேண்டாமென்றால் வெறுங்கை என்று வைத்தால் எந்த மனிசனுக்கும் நாக்குக் கொஞ்சம் வளையும்.

இனிக் காருக்கு வருவோம். விற்பவருக்கு முதல் நாளே சொல்லுங்கள்: “காலையில் வருகிறேன், நான் வரும்வரை ஸ்ரார்ட் பண்ண வேண்டாம்.” முதல் பஸ்ஸில் போங்கள். போய் வணக்கம் சொல்லிக்கொண்டே உள்ளங்கையைப் பொனற்றின் மேல் வையுங்கள். சூடாக இருக்கிறதா? கொடுக்கிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பி வாருங்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. பழைய எஞ்சின் தன் வருத்தத்தைச் சொல்வது இராத்திரி முழுக்க நின்று ஆறிய பிறகு, முதல் ஒரு நிமிடத்தில்தான். அதற்குப் பிறகு சூடேறி, ஒயில் எல்லா இடமும் ஏறி, சத்தம் அடங்கிவிடும். தெரிந்த வியாபாரி காலையில் அரை மணித்தியாலம் ஓட்டி வைத்துவிட்டுத்தான் உங்களை வரவேற்பார்.

அந்த ஒரு நிமிடத்தில் மெக்கானிக் எஞ்சின் பக்கம் நிற்கட்டும், நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். இந்தக் காரில் இருப்பது ஜீ.ஏ. 15 எஞ்சின். ரைமிங் பெல்ற் இல்லை, செயின். அது நல்ல விஷயம், பெல்ற் மாற்றும் செலவு இல்லை. ஆனால் ஒயில் மாற்றாமல் ஓடிய எஞ்சினில் செயின் தளர்ந்துவிடும். ஆறின எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணியதும் முன்பக்கத்தில் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரிக் கேட்கும். இரண்டு மூன்று செக்கனில் நின்றால் பொறுக்கலாம். நிற்காமல் இழுத்தால் விலையில் குறைக்க வேண்டிய வேலை.

புகையைப் பாருங்கள். விடியற்காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வரும், அது பனி நேரத்துச் சங்கதி, ஐந்து நிமிடத்தில் போய்விடும். போகாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் காஸ்கற் போயிருக்கலாம், தண்ணீர் எஞ்சினுக்குள் இறங்குகிறது. முதல் மூச்சில் மட்டும் நீலமாக ஒரு புகை வந்து நின்றால் வால்வ் சீல். இராத்திரி சொட்டிய ஒயில் எரிகிறது, பெரிய வேலை இல்லை. அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க நீலமாகப் புகைத்தால் பிஸ்ரன் றிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் காபரேற்றர் பெற்றோலைக் கூடக் குடிக்கிறது. இதில் பயப்பட வேண்டியது நிற்காத வெள்ளைக்கும் மிதிக்கும்போது வரும் நீலத்துக்கும்தான்.

ஒயில் மூடியைக் கழற்றி உட்பக்கத்தைப் பாருங்கள். பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் களி மாதிரி ஒட்டியிருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது. பிறகு எஞ்சின் ஓடும்போது அதே மூடியைப் பூட்டாமல் சும்மா வாயில் வைத்துப் பாருங்கள். மெல்ல நடுங்கினால் சரி. துள்ளி விழுந்தால் உள்ளே றிங் காற்றைப் பிடிக்கவில்லை.

றேடியேற்றர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் திறவுங்கள், சூட்டில் திறந்து முகத்தை அவித்துக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன். இந்த இடத்தில் வன்னிக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் பொருக்கு இருக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்படி. அதே தண்ணீரைத்தான் வருடக்கணக்காக றேடியேற்றருக்குள்ளும் விடுகிறார்கள். கேத்தலைத் தேய்த்துக் கழுவலாம், எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர்ப் பாதையை யார் தேய்ப்பது? பாதை அடைபட எஞ்சின் சூடேறும். சூடேறினால் எங்கள் தம்பிமார் செய்யும் முதல் வேலை, சூட்டுக்கு ஏற்றபடி தண்ணீரைத் திறந்துவிடும் தேமோஸ்ரற்றைக் கழற்றி எறிவது. அதோடு சூடு குறைந்த மாதிரித் தெரியும், காரும் விற்பட்டுவிடும். ஆனால் எஞ்சின் அதன் பிறகு சரியான சூட்டுக்கே வராது, பெற்றோலைக் குடிக்கும், ஒயில் களியாகும். ஆகவே விற்பவரிடம் நேராகக் கேளுங்கள்: “தேமோஸ்ரற் இருக்கிறதா?” அவர் முகம் பதில் சொல்லும். றேடியேற்றருக்குள் பச்சையோ சிவப்போ கூலன்ற் இருந்தால் அந்தக் காரை வைத்திருந்தவர் கவனமான ஆள். செங்கல் கரைத்த தண்ணீர் இருந்தால் கவனம் நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

புதுப் பெயின்ற் என்று எழுதியிருக்கிறீர்கள். விற்பதற்கு ஒரு மாதம் முன்னம் பெயின்ற் அடித்த கார் எனக்குப் பிடிப்பதில்லை. எதை மூடினார்கள் என்ற யோசனைதான் வரும். ஒரு சின்னக் காந்தத்தை லேஞ்சியில் சுற்றிக் கொண்டு போங்கள். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, நாலு மட்காட், டிக்கியின் அடி, இவற்றில் வைத்து வைத்துப் பாருங்கள். தகடு என்றால் இழுக்கும். பள்ளத்தை நிரப்பப் பூசிய பற்றிக் களிம்பு என்றால் வழுக்கி விழும். அந்த வயதுக் காரில் இரண்டு மூன்று இடத்தில் பற்றி இருப்பது பாவமில்லை. ஆனால் பொனற்றைத் திறந்து, முன் சொக்கப்சோபர் மேலே வந்து பூட்டப்பட்டிருக்கும் அந்த வட்டமான இடத்தைச் சுற்றிக் கறள் இருந்தால், அல்லது புதிதாகத் தகடு வெட்டி ஒட்டியிருந்தால், காரை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். முன் சில்லின் முழுப் பாரமும் அதில்தான் நிற்கிறது.

அடுத்தது மூக்கு. கதவுகளைப் பூட்டி ஐந்து நிமிடம் விட்டுத் திறந்து மணந்து பாருங்கள். மல்லிகைப்பூ வாசம் தூக்கலாக அடித்தால் சந்தேகப்படுங்கள். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, காசு கொடுத்துப் படித்தேன். 2017இல் எனக்கென்று ஒரு கொரோலா 110 வாங்கக் கொழும்புப் பக்கம் போனேன். மெக்கானிக் என்ற கெப்பர் எனக்கு. இரண்டு மணித்தியாலம் எஞ்சினைப் பிரித்து மேயாத குறையாகப் பார்த்தேன். எஞ்சின் சுத்தம். வாங்கி வந்து மூன்று மாதம் போகவில்லை, இண்டிக்கேற்றர் தன்பாட்டில் எரிந்தது, பிறகு கதவுக் கண்ணாடி இறங்க மறுத்தது, பிறகு ஒரு நாள் இராத்திரி வளவில் சும்மா நின்ற கார் ஹோன் அடித்தது. மனைவி எழும்பி வந்து, “உங்களைத்தான் கூப்பிடுது, போய்ப் பாருங்கோ” என்றாள். சீற்றைக் கழற்றிக் கார்ப்பெற்றை உரித்தால், கீழே ஸ்பொஞ்சுக்குள் சாம்பல் நிற வண்டல், மாவு மாதிரி. 2016 வைகாசியில் களனி கங்கை பெருகிக் கொழும்பின் கரையோர ஊர்கள் முங்கினவே, அந்தத் தண்ணீரில் நின்ற கார். விற்றவர் கழுவி, உலர்த்தி, வாசம் அடித்துத் தந்திருந்தார். கார்ப்பெற்றைத் தூக்காதது என் பிழை.

அதனால் சொல்கிறேன்: சீற் பெல்ற்றைக் கடைசி வரை இழுங்கள், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பெயார் சில்லைத் தூக்கி அதன் கிடங்கை ரோச் அடித்துப் பாருங்கள். கொழும்பு என்றில்லை. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவில் எத்தனை வாகனம் கழுத்தளவு தண்ணீரில் நின்றது என்று உங்களுக்கே தெரியும். அவையெல்லாம் எங்கே போயின? யாரோ வாங்கித்தான் இருக்கிறார்கள்.

ஓட்டிப் பார்க்க ஓமந்தைப் பக்கம் ஏ9இல் போங்கள். முன்பு அந்த இடத்துச் சோதனைச்சாவடியில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்த எங்களுக்கு, இப்போது 70இல் கார் ஓட்டிப் பார்க்க அங்கே நேரான றோட்டு. ஆள் இல்லாத இடத்தில் ஸ்ரியரிங்கை இலேசாகப் பிடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கிறதா? பிரேக்கை அழுத்தும்போது இழுக்கிறதா? பிறகு கட்டாயம் ஒரு கிரவல் றோட்டில் இறக்குங்கள். தார் றோட்டில் ஊமையாக வந்த கார் கிரவலில் வாய் திறக்கும். முன்பக்கத்தில் கடகட என்றால் புஷ், பொல் ஜொயின்ற் என்ற மூட்டுச் சாமான்கள் தேய்ந்திருக்கின்றன. அதற்கெல்லாம் சாமான் இருக்கிறது, பயப்பட வேண்டாம். பற்றரி, பிரேக் பாட், வைப்பர், ஹோன் இவை எதற்கும் காரை வேண்டாமென்று சொல்லாதீர்கள், விலையை மட்டும் குறையுங்கள். ரயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒன்று முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. பூ ஆழமாக இருந்தாலும் எங்கள் வெயிலில் ஆறேழு வருடத்தில் ரப்பர் வெடித்துவிடும். நாலு ரயரின் விலையை விசாரித்துக்கொண்டு போங்கள்.

கையில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கை முதல் மாத வேலைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் விலை பேசுங்கள். ஒரு வேலையும் இல்லாத 1992ஆம் ஆண்டுக் கார் எங்கும் கிடையாது.

கேள்வி (கனகராயன்குளம்): 1997ஆம் ஆண்டுக் காரில் மீற்றர் 84,000 கிலோமீற்றர் காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: மீற்றரை விடுங்கள் தம்பி, கிளச் பெடலின் ரப்பரைப் பாருங்கள். சாரதி சீற்றின் கதவுப் பக்க ஓரம், ஸ்ரியரிங்கில் கை பிடிக்கும் இடம், கியர் தடியின் தலை. 84,000 ஓடிய காரில் பெடல் ரப்பரின் வரிகள் தெரியும். வழுவழு என்று சங்கு மாதிரி இருந்தால் அதற்கு முன்னால் இன்னொரு இலக்கம் இருந்திருக்கிறது. ரப்பர் புத்தம் புதிதாக இருந்தால் அதைவிடச் சந்தேகம்.

கேள்வி (மல்லாவியில் இருந்து ஒரு கமக்காரர்): தெரிந்த தரகர் மூலம் ஒரு கார் வந்திருக்கிறது. கார் திறம், விலையும் தோது. ஆனால் பதிவுப் புத்தகம் முந்திய சொந்தக்காரர் பெயரில் இருக்கிறது. அவரிடமிருந்து இவர் வாங்கி, பெயர் மாற்றாமலே வைத்திருக்கிறார். கையெழுத்து வைத்த வெற்றுப் படிவம் கையில் இருக்கிறதாம், எப்ப வேண்டுமானாலும் மாற்றலாமாம். எல்லோரும் இப்படித்தானே செய்கிறார்கள்?

பதில்: செய்கிறார்கள்தான் அண்ணை. எல்லோரும் வரம்பில் நடக்கிறோம் என்பதற்காக வரம்பில் பாம்பு இல்லை என்றாகாது.

விற்றவர் எம்.ரி.ஏ. 6 படிவத்தை 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும், வாங்குபவர் எம்.ரி.ஏ. 8 படிவத்தில் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். இதுதான் ஒழுங்கு. ‘ஓப்பின் பேப்பர்’ என்று சொல்லிக் கைமாறுவதில், கையெழுத்து வைத்த மனிசனுக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை பேர் என்றே தெரியாது. அவர் வெளிநாடு போயிருக்கலாம். செத்துப் போயிருக்கலாம். இறந்தவர் பெயரில் இருக்கும் வாகனத்தை வாரிசுகள் மூலம்தான் சட்டப்படி எழுதலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை, கனடாவில் இரண்டு பிள்ளை என்றால் நீங்கள் காரை மூடி வைத்துவிட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆகவே புத்தகத்தில் பெயர் உள்ளவரை நேரில் பாருங்கள், அடையாள அட்டையோடு. புத்தகத்தில் ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கடன் முடிந்து அந்தப் பெயரை நீக்கிய பிறகுதான் முற்பணம். வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடம் எடுக்கவில்லை என்று கேளுங்கள். நிலுவை உங்கள் தலையில்தான் விழும், பிரதேச செயலகத்தில் போய் நிற்கும்போதுதான் தெரியவரும்.

பிறகு இலக்கம். காரின் செசி நம்பரைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அனேகமான ஜப்பான் கார்களில் பொனற்றைத் திறந்தால், எஞ்சினுக்குப் பின்னால் கண்ணாடிக்குக் கீழே நிற்கும் தகட்டுச் சுவரில் அடித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள், சின்ன வயதில் ஒரு ரூபாய்க் குற்றியை உரசி எடுத்தோமே, அதே மாதிரி. எழுத்துகள் ஒரே உயரத்தில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். சுற்றிச் சதுரமாக ஒரு வெல்டிங் கோடு தெரிந்தால் அது வேறொரு காரில் இருந்து வெட்டி ஒட்டிய இலக்கம். எங்கள் பக்கத்தில் இதை மற்ற ஊர்க்காரரைவிடக் கூடக் கவனிக்க வேண்டும். 2009க்குப் பிறகு எரிந்த வாகனங்கள் மலை மாதிரிக் குவிந்து கிடந்தன. தகடு எரிந்தாலும் சிலரிடம் புத்தகம் தப்பியிருந்தது. புத்தகம் ஒரு காரினது, உடம்பு இன்னொரு காரினது என்று ஓடிய வண்டிகளை என் கையாலேயே ஜக் போட்டிருக்கிறேன்.

அதே இலக்கம் நல்லதும் செய்யும். விசுவமடுக்காரர் ஒருவர், ஒவ்வொரு இடப்பெயர்விலும் சட்டி பானையை விட்டார், கார்ப் புத்தகத்தை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு நடந்தவர். கடைசியில் காரையும் விட்டுவிட்டுத்தான் போனார். செட்டிகுளம் முகாமால் வந்த பிறகு தேடிப் போனோம். நம்பர்ப் பிளேற் இல்லை, சில்லு இல்லை, எந்த நிறம் என்று சொல்ல ஒரு விரல் அகலம் பெயின்ற் இல்லை. ஒரே மாதிரி ஏழெட்டுக் கொரோலா. அவர் ஒவ்வொன்றாகப் பொனற்றைத் தூக்கித் துணியால் துடைத்துக்கொண்டே போனார். அஞ்சாவது காரில் துடைத்த கை நின்றுவிட்டது. அதிகாரிகள் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக் கொடுத்தார்கள், உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தோம். அந்தக் கார் இன்றைக்கும் ஓடுகிறது. விற்கமாட்டார், கேட்டுப் பார்க்க வேண்டாம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): ஹயர் ஓடுவதற்கு டொல்பின் ஹயஸ் வான் ஒன்று பார்க்கிறேன். 3எல் எஞ்சின், டீசல். காலையில் ஒரே அடியில் ஸ்ரார்ட் ஆகிறது. எடுக்கலாமா?

பதில்: மேலே ரீச்சருக்குச் சொன்னதை டீசல் வானுக்கு முழுதாகத் திருப்பிப் போடுங்கள். ஆறின எஞ்சின் ஒரே அடியில் ஸ்ரார்ட் ஆவது நல்லதுதான், போதாது. அரை மணித்தியாலம் நன்றாக ஓட்டிச் சூடாக்கி, நிற்பாட்டி, பத்து நிமிடம் விட்டு மறுபடி சாவியைத் திருப்புங்கள். அப்போது இழுத்து இழுத்துத்தான் ஸ்ரார்ட் ஆகிறது என்றால் டீசல் பம்ப் தேய்ந்திருக்கிறது. சூட்டில் டீசல் தண்ணியாகும், தேய்ந்த பம்ப் அதைத் தள்ளமாட்டாது. விற்பவர்கள் பம்பின் மேல் ஈரத் துணி போட்டு ஆற்றி ஸ்ரார்ட் பண்ணுவார்கள். துணி ஒன்று எஞ்சின் பக்கத்தில் கிடந்தால் அது துடைப்பதற்கல்ல.

பம்ப் ஏன் தேய்கிறது? பல காரணம். எங்கள் பக்கத்துக் காரணம் மண்ணெண்ணெய். 2022 ஆவணியில் டீசல் லீற்றர் 430 ரூபாய்க்கு நின்றபோது மண்ணெண்ணெய் 87 ரூபாய். அந்த மாதக் கடைசிப் பக்கம் அதை 340க்கு ஏற்றும்வரை யார் யார் எதில் எதைக் கலந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. டீசல் பம்புக்கு டீசல்தான் எண்ணெய், வேறு மசகு கிடையாது. மண்ணெண்ணெய் அந்த வழுவழுப்பைக் கழுவிவிடும்.

எங்களுக்கு மண்ணெண்ணெய் புதிதில்லைத்தான். தொண்ணூறுகளில் பெற்றோல் வன்னிக்குள் வராத காலத்தில் காரையும் மோட்டார் சைக்கிளையும் மண்ணெண்ணெயில்தான் ஓட்டினோம். சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், காபரேற்றருக்குள் சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. எரியாத மண்ணெண்ணெய் றிங் வழியாக இறங்கி ஒயிலோடு சேரும். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறையாது, கூடியிருக்கும்! அதைப் பார்த்துச் சந்தோசப்பட்ட ஒருவரையும் எனக்குத் தெரியும். அது பொருளாதாரத் தடைக் காலம், வேறு வழி இருக்கவில்லை. அன்று எஞ்சின் போனாலும் உயிர் தப்பியது. உங்கள் வானுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

இன்னும் இரண்டு. 3எல்லில் ரைமிங் பெல்ற் இருக்கிறது, ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது. கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டு, பில் இருந்தால் நம்புங்கள், இல்லையென்றால் வாங்கிய அன்றே மாற்றுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்ரனும் மோதி ஹெட் போய்விடும். மற்றது, அந்த வான் மீன் ஏற்றியதா என்று பாருங்கள். முல்லைத்தீவுக் கரையில் இருந்து ஐஸ் பெட்டியோடு ஓடிய வானில் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டிக் கீழ்த்தகடு அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். மேலே புதுப் பாய் போட்டிருப்பார்கள். பாயைத் தூக்குங்கள், பிறகு கீழே சாக்கைப் போட்டுப் படுத்து, ஸ்குரூ டிறைவரின் பிடியால் தட்டுங்கள். டங் என்றால் தகடு. பொத் என்றால் கறள்.

கேள்வி (கிளிநொச்சி): கார் வாங்க நல்ல நாள் எது?

பதில்: நாளை ஐயரிடம் கேளுங்கள். நேரத்தை நான் சொல்கிறேன்: மழை பெய்யாத காலை. ஈரத்தில் எந்தப் பெயின்றும் மினுங்கும்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): மாமாவின் பழைய வளவில் ஒரு மொறிஸ் மைனர் பல வருடமாகக் கொட்டிலுக்குள் நிற்கிறது. புத்தகம் அவர் பெயரில் இருக்கிறது, என் பெயருக்கு எழுதித் தரச் சம்மதம். உறவு என்றாலும் ஒரு விலை கேட்கிறார். ஓடாத காருக்கு எதைப் பார்த்து விலை சொல்வது? எஞ்சின் இறுகிவிட்டது என்கிறார்கள்.

பதில்: இறுகின எஞ்சினைப் பற்றி யோசிக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் கொஞ்சம் டீசலும் ஒயிலும் கலந்து விட்டு ஒரு கிழமை விடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். அனேகம் இளகும். இளகாவிட்டாலும் அது பிரிக்கக்கூடிய எளிய எஞ்சின், எங்கள் அப்பாமாரே வேப்பமரத்தில் சங்கிலி கட்டி இறக்கிய எஞ்சின்.

விலை உடம்பில் இருக்கிறது. மைனருக்குத் தனியாகச் செசி இல்லை, உடம்புதான் செசி. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி, பின் ஸ்பிரிங் பூட்டியிருக்கும் இடம், முன் எஞ்சினுக்கு இரு பக்கமும் நீளும் கால்கள். இந்த மூன்றும் திடமாக இருந்தால் மாமா கேட்பதைக் கொடுங்கள். மண் தரையில் நின்ற கார் என்பதால் கீழிருந்து கறள் ஏறியிருக்கும். சில்லுக்குக் கீழே கல்லு வைத்திருந்தார்களா என்று பாருங்கள், அந்தக் காலத்து ஆட்கள் வைப்பார்கள். மற்றது முன் சில்லுத் தண்டின் அடியில் இருக்கும் மரை மூட்டு. கிரீஸ் அடிக்காமல் விட்டால் தேய்ந்து கழன்று, ஓடும்போது சில்லு அப்படியே மடிந்து விழுந்துவிடும். எந்த மைனரானாலும் றோட்டில் இறக்க முன்னம் இரண்டு பக்கத்தையும் கழற்றிப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்று விடாதீர்கள்.

பற்றரி ஒன்றைக் கொடுத்துச் சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் பம்பை ஸ்பனரால் மெல்லத் தட்டுங்கள், பல வருடம் தூங்கினது தட்டினால் எழும்பும். வயரை எலி தின்றிருக்கும், அது கணக்கில் இல்லை, முழுதாக மாற்றுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னம், டிக்கிக்குள்ளோ சீற்றுக்குக் கீழோ கையை விட வேண்டாம். நீளமான தடி ஒன்றை எடுத்து நன்றாகத் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் தள்ளி நில்லுங்கள். சென்ற வருடம் இப்படி ஒரு காரின் ஸ்பெயார் சில்லுக்குள் நல்ல பாம்பு முட்டையிட்டிருந்தது. என் உதவிப் பொடியன் அன்று போனவன், மூன்று நாள் வேலைக்கு வரவில்லை.